செத்த புள்ளியும் சிக்கிய புள்ளியும்

பொருளைத் தட்டிப் பார்த்து வாங்கவேண்டும் என்பது நம் மூதாதையர் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும். மண்பானையை விரலாற் சுண்டி அதன் ஓசையைக் கேட்கின்றோம். தேங்காயைக் காதருகே பிடித்துக் குலுக்குகின்றோம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புழுத்துளை உண்டோவெனத் தேடுகின்றோம். சேலையை முழுவதும் விரித்து வெளிச்சத்திலே பிடித்து, எங்கேனும் இழை அறுந்திருக்கின்றதோவென ஆராய்கின்றோம். கத்தரிக்காய்க்கு இத்துணை ஆராய்ச்சி நடத்தும் நாம், பல்லாயிரம் ரூபா கொடுத்து வாங்கும் கணினித் திரையை மாத்திரம், விற்பவர் காட்டிய படத்தைக் கணநேரம் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வருகின்றோம். பின்னர் அதன் நடுவிலே ஒரு புள்ளியைக் கண்டு பதறுகின்றோம். அவ்வாறு பதறியவருள் நானும் ஒருவன். ஆதலின் இவ்வாரம் அப்புள்ளியைப் பற்றியே நேயர்களுடன் உரையாட எண்ணுகின்றேன்.

என் தமக்கையின் மகள் பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவி. இளமையிலே தந்தையை இழந்தவள். பகலெல்லாம் படிப்பு. இரவிலே, புகைப்பட நிலையம் ஒன்றிலிருந்து வரும் கல்யாணப் படங்களைக் கணினியிலே திருத்திக் கொடுத்துத் தன் செலவுக்குச் சிறிது பணம் ஈட்டி வருகின்றாள். மணப்பெண்ணின் முகத்திலே கண்ட பருவை மறைப்பதும், மாப்பிள்ளையின் சால்வையிலே பட்ட கறையை நீக்குவதும், மங்கிய விளக்கொளியைத் தெளிவாக்குவதும் அவள் தொழில். பழைய மடிக்கணினியின் சிறு திரையைக் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துவலி கண்டதனால், தாயார் மாதந்தோறும் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்தவுடன் இருபத்துநான்கு அங்குலத் தட்டைத்திரை ஒன்று வாங்குவதெனத் தீர்மானம் ஆயிற்று. உலகம் அறிந்தவன் என்ற முறையிலே நான் துணைக்கு அழைத்துச் செல்லப்பட்டேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து, திரையை மேசைமீது நிறுத்தி, கடற்கரைக் காட்சி ஒன்றை அதிலே ஓடவிட்டார். வெண்மணலும் வெண்முகிலும் நுரைத்துவரும் அலைகளும் கண்ணைப் பறித்தன. மருமகள் மெல்லிய குரலில், “மாமா, கறுப்பாய் ஒருக்கால் போட்டுப் பார்ப்பமோ?” என்று கேட்டாள். எனக்கோ கடைசி பஸ் போய்விடுமே என்ற அவசரம். “படம் வடிவாய்த் தெரியுதுதானே பிள்ளை, இன்னும் என்னத்தைப் பார்க்கிறது?” என்று கூறிவிட்டேன். பெரியவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லி வளர்ந்தவள் அல்லள் அவள். பணத்தை எண்ணிக் கொடுத்தாள், நாங்கள் புறப்பட்டோம்.

அன்றிரவு ஒன்பது மணி இருக்கும். தமக்கை வீட்டிலேயே நான் தங்கியிருந்தேன். அறையிலிருந்து அழைப்பு வந்தது.

“மாமா, இஞ்சை வந்து ஒருக்கால் பாருங்கோ.”

திரையிலே ஒரு மணப்பெண்ணின் படம். மல்லிகைச் சரம் சூடிய கருங்கூந்தல். அக்கூந்தலின் நடுவிலே, மின்மினிப் பூச்சி ஒன்று வந்து அமர்ந்தாற்போல ஒரு பச்சைப் புள்ளி. அதைப் படத்திலுள்ள குறையென்று கருதி, அரை மணி நேரமாக அவள் அழித்துக்கொண்டிருந்தாளாம். அழிக்க அழிக்க அஃது அழியவில்லை. ஈற்றிலே படத்தைச் சற்று நகர்த்திப் பார்த்திருக்கின்றாள். கூந்தல் நகர்ந்தது, மல்லிகை நகர்ந்தது, புள்ளி மாத்திரம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்பொழுதுதான் குறை படத்திலன்று, திரையிலே என்பது விளங்கிற்று.

“துடைச்சுப் பார்த்தனியே?”

“துடைச்சுப் போட்டன் மாமா. போகேல்லை.”

மறுநாட் காலையிலே திரையைப் பெட்டியிலிட்டுக் கட்டிக்கொண்டு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் மரியாதையாகவே வரவேற்றார், புள்ளியையும் பார்த்தார். “ஐயா, உது எல்லாத்திலையும் வாறதுதான். ஒரு புள்ளிக்குக் கொம்பனி மாத்தித் தராது. நீங்கள் பார்த்துத்தானே எடுத்தனீங்கள்?” என்றார். கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட புள்ளிக் குறைகள் உத்தரவாதத்துள் அடங்கா என்று, பூதக்கண்ணாடி கொண்டு படிக்கவேண்டிய எழுத்திலே அச்சிட்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மருமகள் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின்னரே இப்பொருளைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். பட்டபின் வந்த அறிவாயினும், இனி வாங்கவிருப்போர்க்கு அது பயன்படலாம் அன்றோ?

கணினித் திரையிலே நாம் காணும் படம் கோலத்தைப் போன்றது, புள்ளிகளால் ஆனது. ஆங்கிலத்திலிருந்து வந்த பிக்ஸெல் என்னும் பெயரால் வழங்கும் அதனைப் படப்புள்ளி என்போம். இன்று வீடுகளிலே பெரிதும் வழங்கும் முழு உயர்தெளிவுத் திரையிலே குறுக்காக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். இருபத்துநான்கு அங்குலத் திரையிலே ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.27 மில்லிமீற்றர். அவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உட்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இவை மூன்றும் கூடிய அளவுக்கேற்ப எல்லா நிறங்களும் பிறக்கின்றன. மூன்றும் முழுதாக ஒளிர்ந்தால் வெண்மை, மூன்றும் அடங்கினால் கருமை. ஆகவே அத்திரையிலுள்ள உட்புள்ளிகளின் தொகை 62 இலட்சத்து 20 ஆயிரத்து 800. அவை ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதற்குத் தனித்தனியே ஒரு நுண்ணிய திரான்சிஸ்டர் கண்ணாடிமீது படலமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றது.

திரையின் பின்புறத்தே எந்நேரமும் வெள்ளொளி எரிந்துகொண்டிருக்கும். அவ்வொளியை ஒவ்வோர் உட்புள்ளியிலும் விடுவதோ தடுப்பதோ திரவப் பளிங்கின் வேலை. வாய்க்காலிலே மடை திறப்பதுபோல எனலாம். பளிங்குக்கு முன்னும் பின்னும், ஒளியலைகளை ஒரே திசையில் மாத்திரம் அதிரவிடும் இரு தகடுகள் உள. திரான்சிஸ்டர் வழியாக வரும் மின்னழுத்தத்துக்கேற்பப் பளிங்கின் மூலக்கூறுகள் தம் நிலை மாறி, ஊடுருவும் ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றுகின்றன. திசை பொருந்தினால் ஒளி வெளிவரும், பொருந்தாவிடின் தடைப்படும்.

இத்திரவப் பளிங்கின் வரலாறு மாணவர் அறிந்திருக்கத்தக்கது. 1888ஆம் ஆண்டிலே, பிராக் நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த பிரீட்ரிக் ரைனிற்சர் என்னும் ஒஸ்திரியத் தாவரவியலாளர், கரட் கிழங்கிலிருந்து பெற்ற கொலஸ்தரோலுடன் தொடர்புடைய ஒரு பொருளைச் சூடாக்கினார். அஃது 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கிய நீர்போல ஆயிற்று, 178.5 பாகையில் மீண்டும் மாறித் தெளிந்த நீராயிற்று. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என வியந்த அவர், ஜெர்மானியப் பௌதிகவியலாளரான ஒற்றோ லேமனுக்கு அதனை அனுப்பிவைத்தார். திரவம்போல ஓடியும் பளிங்குபோல ஒழுங்குற்றும் நிற்கும் அவ்விடை நிலைக்குத் திரவப் பளிங்கு என்னும் கருத்தமைந்த பெயர் லேமனால் வழக்கிலே வந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து, 1968இல், ஜோர்ஜ் ஹெயில்மேயரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் ஆர்.சீ.ஏ. ஆய்வுகூடத்திலே அதனைக் கொண்டு காட்சித்திரை அமைத்துக் காட்டினர். 1972இல் பீற்றர் புரோடியின் குழுவினர் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திரான்சிஸ்டர் என்ற முறையைச் செய்துகாட்டினர். இன்று நம் மேசையிலுள்ள திரை அம்முறையின் வழித்தோன்றலே.

இனிக் குறைக்கு வருவோம். பழைய பெட்டித் தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாயிலே இத்தகைய குறை தோன்றியதில்லை. அங்கே ஒரே மின்கதிர்க் கூட்டம் திரை முழுவதையும் வருடிச் சென்றது. புள்ளிக்கொரு திரான்சிஸ்டர் இல்லை. தட்டைத் திரையிலோ அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட காவலாளர். அவருள் ஒருவர் உறங்கிவிட்டால், அல்லது கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டால், அந்த இடம் தனியே தெரியும். செய்யும்போது உள்ளே வீழ்ந்த ஒரு தூசித்துகள் போதும்; ஒரு திரான்சிஸ்டர் கெடும். அதற்கஞ்சியே திரைகளைத் தூசு நீக்கிய அறைகளிலே, உடல் முழுவதையும் போர்த்த உடையணிந்து செய்கின்றனர். எனினும் இத்தனை இலட்சத்துள் ஒன்றேனும் பிழையாதிருத்தல் அரிது.

குறைகள் மூவகைப்படும். மூன்று உட்புள்ளிகளும் அடங்கி எப்பொழுதும் கருமையாகவே நிற்பது செத்த புள்ளி. மூன்றும் எரிந்து எப்பொழுதும் வெண்மையாக நிற்பது ஒளிப்புள்ளி. ஓர் உட்புள்ளி மாத்திரம் எரிந்தபடியோ அணைந்தபடியோ நின்றுவிடுவது சிக்கிய புள்ளி. எங்கள் வீட்டுப் பச்சை இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: சில வகைத் திரைகளிலே மின்னழுத்தம் இல்லாதபோது ஒளி கடந்து செல்லும், வேறு சிலவற்றிலே தடைப்படும். ஆகையால் திரான்சிஸ்டர் கெட்டு மின்னழுத்தம் நின்றுபோவதாகிய ஒரே நோய், ஒரு திரையிலே வெளிச்சமாகவும் மற்றொன்றிலே இருளாகவும் வெளிப்படும்.

கடையிலே அப்பச்சை என் கண்ணுக்கு ஏன் படவில்லை என்பதும் இப்பொழுது விளங்கிற்று. வெண்மை என்பது மூன்று உட்புள்ளிகளும் எரியும் நிலை. வெண்மணலைக் காட்டும்போது எல்லாப் பச்சைகளும் எரிந்துகொண்டிருந்தன, அவற்றினிடையே எங்கள் பச்சையும் எரிந்தது, வேறுபாடு இல்லை. கருங்கூந்தல் வந்தபோது ஏனைய யாவும் அடங்கின. அஃதொன்று மாத்திரம் அடங்கவில்லை. ‘கறுப்பாய் ஒருக்கால் போட்டுப் பார்ப்பமோ’ என்று பிள்ளை கேட்டது எவ்வளவு பொருள் பொதிந்த கேள்வி! இருபது வயதுப் பிள்ளை அறிந்திருந்ததை, உலகம் அறிந்தவன் அறிந்திருக்கவில்லை.

சரி, ஒரு புள்ளியேனும் பழுதாயிருந்தால் அதைப் புதிய பொருளென்று விற்பது முறையா? இக்கேள்வி உலகெங்கும் எழுந்தது. புள்ளிக் குறையுள்ள திரைகள் அனைத்தையும் தள்ளிவிட்டால், எஞ்சிய நல்ல திரைகளின் விலை ஏறிவிடும் என்பது உற்பத்தியாளர் கட்சி. பணத்தை முழுதாகக் கொடுத்தவனுக்குப் பொருளும் முழுதாக வேண்டும் என்பது வாங்குவோர் கட்சி. இரண்டுக்கும் நடுவே, சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் 2001ஆம் ஆண்டிலே ஐ.எஸ்.ஓ. 13406-2 என்னும் இலக்கமுடைய தரவிதியை வெளியிட்டது. அவ்விதி திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதலாம் வகுப்பிலே குறை ஒன்றும் இருத்தலாகாது. பெருவழக்கிலிருந்த இரண்டாம் வகுப்பிலே, பத்து இலட்சம் புள்ளிகளுக்கு இரண்டு ஒளிப்புள்ளிகளும், இரண்டு கரும்புள்ளிகளும், ஐந்து சிக்கிய உட்புள்ளிகளும் இருக்கலாம்.

மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இருபது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகளையுடைய திரையிலே நான்கு ஒளிப்புள்ளிகளும், நான்கு கரும்புள்ளிகளும், பத்துச் சிக்கிய உட்புள்ளிகளும் இருந்தாலும் அஃது இரண்டாம் வகுப்பிலே தேறிய திரைதான்! எங்கள் ஒரு பச்சையைக் கண்டு கடைக்காரர் ஏன் கலங்கவில்லை என்பது இதனால் தெளிவாகும். 2008ஆம் ஆண்டிலே ஐ.எஸ்.ஓ. 9241 வரிசையைச் சேர்ந்த புதிய விதிகள் பழையதன் இடத்தைப் பெற்றன. ஆயினும், இத்தனை இலட்சத்துக்கு இத்தனை குறை பொறுக்கத்தக்கது என்னும் அடிப்படை மாறவில்லை. எந்த வகுப்பைக் கைக்கொள்வது என்பதை உற்பத்தியாளரே தீர்மானிக்கின்றனர். சிலர் தம் உயர்விலைத் திரைகளுக்கு, ஒளிப்புள்ளி ஒன்றேனும் காணப்படின் மாற்றித் தருவோம் என்று எழுத்திலே உறுதி கூறுவதும் உண்டு. ஆகவே விலையைக் கேட்பதோடு இதனையும் கேட்கவேண்டும். கேட்பதற்குரிய வேளை பணம் நம் கையிலே இருக்கும் வேளைதான்.

இனிச் சோதிக்கும் முறையைச் சொல்வேன். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களைக் கணினியிலுள்ள ஓவியச் செயலியிலே ஆக்கி, ஒரு பென்டிரைவிலே பதிந்து கடைக்குக் கொண்டு செல்க. முதலிலே உலர்ந்த மென்துணியால் திரையை மெதுவாகத் துடைத்தல் வேண்டும்; தூசியைச் செத்த புள்ளியென மயங்குவோர் பலர். பின்னர் ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுவதும் நிரப்பிக் காட்டச் செய்து, மேல்வரிசையிலிருந்து கீழ்வரை, நெல்லிலே கல் பொறுக்குவதுபோல ஆறுதலாகப் பார்த்துச் செல்க. கறுப்பிலே எரிந்து நிற்பவை வெளிப்படும். வெள்ளையிலே அணைந்து நிற்பவை வெளிப்படும். சிவப்பு உட்புள்ளி அணைந்திருந்தால் நீலங்கலந்த பச்சையாகவும், பச்சை அணைந்திருந்தால் ஊதா கலந்த சிவப்பாகவும், நீலம் அணைந்திருந்தால் மஞ்சளாகவும் அவ்விடம் தோன்றும். ஏனைய மூன்று நிறங்களும் அவ்வவ் உட்புள்ளியின் நலத்தை உறுதிப்படுத்தும். ஐந்து நிமிடத்திலே முடியும் வேலை. பஸ் ஐந்து நிமிடத்திலே போய்விடாது. போனாலும் அடுத்த பஸ் உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் ஐயம் எழுந்தால், என் மருமகள் செய்ததுபோலப் படத்தை நகர்த்திப் பார்க்கலாம். அன்றி, திரையிலே காண்பதைக் கணினியைக் கொண்டே படமாகப் பிரதிசெய்து வேறொரு திரையிலே பார்க்கலாம். அங்கே புள்ளி இல்லையாயின் குறை முதலாம் திரையினதே. கண்ட அன்றே கடைக்கு அறிவித்தல் நன்று. நாட் கடந்தால், ‘உங்கள் பாவனையிலே வந்த பழுது’ என்று கூறிவிட இடமுண்டு.

பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் பெட்டியையும் சில மாதங்களுக்கேனும் பேணி வைத்தல் வேண்டும். கடைக்காரர் வாயாற் கூறும் வாக்குறுதியைப் பற்றுச்சீட்டிலே ஒரு வரியாக எழுதிவாங்குதல் அதனினும் நன்று. நம் நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை நிறுவப்பட்டது. கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறான பொருள் விற்கப்பட்டால், விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்துள் எழுத்து மூலம் அச்சபைக்கு முறையிட அச்சட்டம் வழிசெய்கின்றது. ஆனால் முறையீட்டுக்கு உயிர் எழுத்திலேதான் இருக்கின்றது. எங்களிடமோ எழுத்திலே இருந்ததெல்லாம் அந்தச் சின்னஞ்சிறு விதிவிலக்கு மாத்திரமே.

பழுதான புள்ளியைத் திருத்த வழியுண்டோ எனின், செத்த புள்ளிக்குப் பெரும்பாலும் இல்லை. கெட்ட திரான்சிஸ்டரை வீட்டிலே மாற்ற முடியாது. சிக்கிய புள்ளிக்குச் சிறிது நம்பிக்கை உண்டு. சிவப்பும் பச்சையும் நீலமும் மிக விரைவாக மாறிமாறி மின்னும் சிறு கட்டம் ஒன்றை அவ்விடத்தின்மேல் வைத்துச் சில மணி நேரம் ஓடவிட்டால், சிலவேளை புள்ளி விடுபடும் என்பர். செலவில்லாத முயற்சி, செய்து பார்ப்பதிலே குற்றமில்லை. ஆனால் அம்மின்னலை ஒருவரும் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. வலிப்பு நோயுள்ளோர்க்கு விட்டுவிட்டு மின்னும் ஒளி நோயைத் தூண்டக்கூடும். ஆதலால் திரையைத் துணியால் மூடிவிடுதலே நல்லது.

நாங்கள் மூன்று இரவுகள் ஓடவிட்டோம். ஒவ்வொரு விடியற்காலையிலும் நான்தான் முதலிலே எழுந்து துணியை நீக்கிப் பார்த்தேன். மூன்று நாளும் பச்சை அப்படியே இருந்தது.

மென்துணியால் விரலைச் சுற்றி, அவ்விடத்தை அழுத்தினால் சரியாகும் என்று சிலர் கூறக் கேட்டிருக்கின்றேன். நான்காம் நாள் அதற்கும் துணிந்தேன். விரலை நீட்டிய கணத்திலே மருமகள் என் கையைப் பற்றினாள். “வேண்டாம் மாமா. இப்ப ஒண்டுதான். அமத்தினால் பத்தாய்ப் போனாலும் போகும்” என்றாள். அவள் கூறியது உண்மை. அழுத்தத்தினால் பளிங்குப் படலம் குலைந்து பக்கத்துப் புள்ளிகளும் கெடலாம், கண்ணாடி விரிசலுறலாம், அதன்பின் எஞ்சியிருந்த உத்தரவாதமும் போய்விடும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் வகைத் திரைகளை அழுத்துவது அறவே தவிர்க்கத்தக்கது. பெட்டியைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் அவ்வாறே.

இந்த இடத்திலே என் மனத்தைச் சற்று ஆற்றிய ஒரு செய்தியையும் கூறிவிடுகின்றேன். நம் கண்ணின் விழித்திரையிலே நிறம் உணரும் கூம்புக் கலங்கள் ஏறத்தாழ அறுபது இலட்சம் அளவில் உள்ளன. திரையின் உட்புள்ளிகளின் தொகையை ஒத்த தொகை. அவ்விழித்திரையிலும் ஒரு செத்த இடம் உண்டு. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்திலே ஒளி உணரும் கலம் ஒன்றேனும் இல்லை. அதனைக் குருட்டிடம் என்பர். பதினேழாம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் மரியொற் அதனை எடுத்துக்காட்டினார். வெள்ளைத் தாளிலே இடப்புறம் ஒரு சிலுவைக்குறியும், அதற்கு எட்டுச் சென்றிமீற்றர் வலப்புறமாக ஒரு கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவையையே நோக்கியவாறு, தாளை முகத்துக்கு முப்பது சென்றிமீற்றர் தொலைவிலிருந்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்திலே புள்ளி மறைந்துபோகும். அவ்விடத்தைச் சுற்றியுள்ள வெண்மையைக் கொண்டு மூளையே நிரப்பிவிடுகின்றது. நம்முடைய குறையை நமக்குத் தெரியாமல் மறைத்துவைக்கும் கண்ணே, திரையின் குறையைத் தேடிப்பிடித்துக் காட்டுகின்றது!

ஆயினும் மணப்பெண்ணின் கூந்தலிலே பச்சை நிற்க, கண்ணின் குருட்டிடத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? பிழை என்னுடையது. தமக்கையிடம் அதனை ஒளியாமற் கூறினேன். என் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் சேர்த்து வேறொரு திரை வாங்கித் தருவதாக மருமகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். என் கையைப் பிடித்து மேசையருகே அழைத்துச் சென்று காட்டினாள். திருத்தும் கருவிகள் அடங்கிய வெண்ணிறப் பட்டியைத் திரையின் ஓரத்திலிருந்து நகர்த்தி, அப்புள்ளி நிற்கும் இடத்தின்மேல் வைத்திருந்தாள். வெண்மையிலே பச்சை தெரியவில்லை. கூந்தலும் மல்லிகையும் வலப்புறத்தே குற்றமின்றி நின்றன. “இப்படியே வேலை செய்யலாம் மாமா. அடுத்தமுறை கறுப்பாய்ப் போட்டுப் பார்ப்பம்” என்றாள்.

அந்த அடுத்தமுறை விரைவிலேயே வந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்குத் திரை வாங்கவேண்டியிருந்தது. மருமகளையே துணைக்கு அழைத்தார்கள்; பெட்டி தூக்குவதற்காக நானும் சென்றேன். அதே கடைதான். கடைக்காரர் கடற்கரைக் காட்சியை ஓடவிட்டார். மருமகள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினாள். அவர் முகம் சற்றுச் சுளித்தது. எனினும் வாங்கிச் சொருகினார். கறுப்பு வந்தது, குறையொன்றும் இல்லை. வெள்ளை வந்தது, கீழ்மூலையிலே கடுகிலும் சிறிய கரும்புள்ளி ஒன்று. “துடைச்சுப் பாருங்கோ அண்ணை” என்றாள். அவர் துடைத்தார், போகவில்லை. ஒரு கணம் தயங்கியவர், ஒன்றும் பேசாமல் அதனைப் பெட்டியிலிட்டு மூடிவிட்டு, உள்ளே சென்று வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். ஐந்து நிறங்களும் அதிலே தெளிவாக நின்றன.

முன்னொரு நாள் ஒரு புள்ளிக்கு மாற்றித் தர இயலாது என்றவரும் அவர்தாம். இன்று ஒரு புள்ளிக்காக மறுபெட்டி திறந்தவரும் அவர்தாம். மனிதர் மாறவில்லை, விதியும் மாறவில்லை. பணம் கொடுக்குமுன் பார்த்தோம் என்பது ஒன்றே வேறுபாடு.

வெளியே வந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ஓட்டோ பிடித்தோம். கூலியை நான் கொடுத்தேன்.